தினமும் ஓட்டும் மஹிந்திரா தார் ஜீப்புக்குப் பெரிய டயர் போடலாமா?

வாரநாளில் சேலம் டவுன், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மண்பாதை என்று ஓட்டுபவர்களுக்குக் கம்பெனி கொடுத்த அளவே போதும் என்பேன்.

டயரின் பக்கத்தில் 245/75 ஆர் 16 என்று இருந்தால், 245 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், ரிம் 16 அங்குலம். இதையே 265/75 ஆக்கினால் டயரின் மொத்த உயரம் சுமார் 30 மி.மீ. கூடும். ஒரு சுற்றில் சக்கரம் அதிக தூரம் போகும், அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் எஞ்சின் அதிகம் இழுக்க வேண்டும். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவது மாதிரிதான். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் இது தெரியாது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரில் வண்டி திணறும்போது தெரியும். ஸ்பீடோமீட்டரும் முன்பைவிட 4 சதவீதம் குறைத்துக் காட்டும். மைலேஜ்? கேட்கவே வேண்டாம்.

சேற்றில் பிடிக்க வேண்டியது டயரின் உயரமல்ல, பட்டன், அதாவது தரையைத் தொடும் பக்கத்தில் உள்ள ரப்பர் கட்டைகள். அதே அளவிலேயே மண்ணிலும் தார்ச் சாலையிலும் ஓடக்கூடிய ஆல்-டெரெய்ன் டயர் கிடைக்கிறது. தார்ச் சாலையில் கொஞ்சம் சத்தம் வரும், அவ்வளவுதான்.

அப்புறம், 30 மி.மீ. பெரிய டயர் போட்டால் வண்டியும் 30 மி.மீ. உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சு சக்கரத்தின் நடுவில் இருப்பதால் கிடைப்பது 15 தான்.