முருங்கையில் புழு: மருந்தடிக்க முதல் மரத்தைப் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் வளவுக்குள் இரண்டு முருங்கை நிற்கிறது. வறைக்கு அதில்தான் இலை ஒடிக்கிறோம். மழை தொடங்கினதும் புழு வந்து இலையெல்லாம் தின்கிறது. மலத்தியன் அடிக்கச் சொல்கிறார்கள், அடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அக்கா. மலத்தியனுக்குப் புழு சாகும்தான், ஆனால் இது நீங்கள் அடிக்கடி இலை ஒடித்துச் சாப்பிடுகிற மரம், உயரத்துக்கு அடித்தால் பாதி மருந்து பக்கத்து வீட்டுக் குசினி யன்னலுக்குள் போகும், பூவிருந்தால் தேனீயும் சேர்ந்து சாகும்.

முதலில் எந்தப் புழு என்று பாருங்கள். உடம்பெல்லாம் மயிரோடு, பகலில் அடிமரத்துப் பட்டையில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது மயிர்க்கொட்டி. இரவில்தான் மேலே ஏறித் தின்னும். கும்பலாக இருக்கிற பகல் நேரத்திலேயே பிடித்துவிட வேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு (மயிர் பட்டால் பொல்லாத கடி), சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே வைத்து, தும்புத்தடியால் அப்படியே அதற்குள் வழித்து விடுங்கள். சிலர் பந்தம் கொளுத்திச் சுடுவார்கள், நான் சொல்லமாட்டேன், முருங்கைப் பட்டை வெந்துபோகும்.

மயிரில்லாத சின்னப் புழு, இலையில் மெல்லிய வலை, பச்சையைச் சுரண்டித் தின்று இலை கடதாசி மாதிரி வெளிறிப்போயிருக்கிறது என்றால் அது இலைப்புழு, நூர்டா என்பார்கள். இது மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். அதனால் மரத்தடியை மேலாக் கொத்திப் புரட்டிவிடுங்கள், காகமும் மைனாவும் பொறுக்கித் தின்னும். வலை பின்னிய கொப்புகளை வெட்டி எடுத்துவிடுங்கள். முருங்கைதானே, வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பம் விதை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் விதைப் பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து பின்னேரம் அடியுங்கள். கடையில் பீ.ரீ. என்ற பக்டீரியா மருந்து கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். இலையோடு சேர்த்துத் தின்றால்தான் அது வேலை செய்யும், அடித்த உடனே புழு விழவில்லையே என்று யோசிக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் எடுக்கும். வெயிலில் வீரியம் போய்விடும், மழை கழுவிவிடும், ஆகவே வானம் வெளித்த பின்னேரமாகப் பாருங்கள்.

இரசாயன மருந்துதான் கடைசி வழி என்று வந்தால், 1920 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்து விவசாயத் திணைக்களத்தாரிடம் முருங்கை இலைக்கு எது, எவ்வளவு என்று கேட்டு, அடித்தபின் இத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருக்கும் நாள் முடியும்வரை அந்த மரத்தில் இலையோ காயோ ஒடிக்காதீர்கள்.