பேசிய தொண்டையே பாடட்டும்

கொடைக்கானலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

எதைக் கேட்டாலும் மியூசிக்கல், மியூசிக்கல் என்று பாட்டு நாடகத்தையே சொல்கிறீர்கள் டீச்சர். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று பாட ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. அதுவும் வெள்ளைக்காரன் சரக்கு. நமக்கு எதற்கு? - வாசகர், வத்தலக்குண்டு

சினிமாவில் வசனம் பேசிய ஆள் அடுத்த நொடி வேறு சட்டை போட்டுக்கொண்டு பனிமலையில் நின்று, வேறு ஒருவர் குரலில் பாடும்போது வராத சிரிப்பு இதற்கு மட்டும் ஏன் வருகிறது? மேடையிலாவது பேசிய அதே தொண்டைதான் பாடுகிறது. ஓடி வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே முதல் அடியை எடுப்பது முன்வரிசை வரை கேட்கும். எனக்குப் பைத்தியம் பிடித்ததே அந்த மூச்சில்தான்.

ஆனாலும் வத்தலக்குண்டிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதுதான் ஆச்சரியம். உங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை என்னவென்று சொல்வீர்கள்? அதை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானார், அவர் எழுதிக்கொடுத்த பாட்டுகளை இன்னும் பாடுகிறார்கள். பாட்டும் கதையும் பிரிக்க முடியாமல் பின்னிக்கொண்ட அமெரிக்க நாடகங்கள் என்று புத்தகங்கள் கொண்டாடும் ‘ஷோ போட்’ 1927இல் வந்தது, ‘ஓக்லஹோமா’ 1943இல். அவற்றைப் பார்த்து நம் ஆட்கள் காப்பியடித்திருக்க முடியாது, இல்லையா? அதற்காக எல்லாம் நம்முடையதே என்று மார்தட்டவும் வேண்டாம். நம் நாடக மேடையின் உயிரான ஆர்மோனியமே கடல் கடந்து வந்தது, தொங்கவிடும் படுதாவில் பார்சி நாடகக் கம்பெனிகளின் கைவரிசை உண்டு.

வள்ளி ஏன் பாடுகிறாள் என்று பாருங்கள். தினைப்புனத்தில் கிளி விரட்டுகிறாள், ‘ஆலோலம்’ என்று அவள் கூவுவதே பாட்டாகிவிடுகிறது. அப்புறம் நாரதர் வருகிறார், தர்க்கம் தொடங்குகிறது, வார்த்தைக்கு வார்த்தை மடக்குகிறார்கள், பேச்சு சூடேறி இனி பேசித் தீராது என்கிற இடத்தில் ஒருவர் பாட்டில் தாவுகிறார், மற்றவரும் பாட்டிலேயே பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊர் சண்டைகளில்கூட குரல் ஏற ஏற ஒரு ராகம் வந்துவிடுகிறதே, கவனித்ததில்லையா?

மேல்மலையில் ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஆண்டு விழாவுக்கு 25 பிள்ளைகளை வைத்துப் பாட்டு நாடகம் போட ஆசை. காசு இல்லை. ‘பாட்டை பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள், பிள்ளைகள் வாயசைத்தால் போதும்’ என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். செய்யலாமா? - ஆசிரியை, பழனி மலை

செய்யாதீர்கள் டீச்சர். கெஞ்சிக் கேட்கிறேன். பென் டிரைவ் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு பிள்ளைக்கு வசனம் மறந்தால் ஆர்மோனியக்காரர் இன்னொரு சுற்று வாசித்துக்கொண்டு நிற்பார், பென் டிரைவ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நானும் ஒரு வருஷம் அப்படிச் செய்து, வேறு பாட்டு ஓடி, முருகன் வேடம் போட்ட பையன் வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவன் முகம் இன்னும் மறக்கவில்லை.

25 பேர் இருந்தால் கோரஸுக்குக் கவலையே இல்லை. அரை மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள், நான்கு பாட்டு போதும், மெட்டு பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கும்மி, தாலாட்டு, நடவுப்பாட்டாக இருக்கட்டும், வரிகளை அவர்களை வைத்தே கட்டுங்கள். நமக்கு வசதியான சுருதியில் ஆரம்பித்துவிடுவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. கூட்டத்தில் யாருக்குக் குரல் கீழே இறங்காதோ, யாருக்கு மேலே போனால் கீச்சிடுமோ, அந்த இரண்டு பேரையும் பாடவைத்துப் பார்த்து நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துங்கள். ஒத்திகையில் உட்கார்ந்து பாடவிடாதீர்கள். மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து அதே மூச்சில் பாடச் சொல்லுங்கள், எந்த வரியில் மூச்சு எடுக்க வேண்டும் என்று அவர்களுக்கே பிடிபட்டுவிடும். ஒலிபெருக்கி இல்லையென்றால் பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கிற இடமாகப் பாருங்கள், திறந்தவெளியில் குரல் காட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் நம் குளிர். இதைக் கீழ்நாட்டுப் புத்தகம் எதுவும் சொல்லாது. ஒரு டிசம்பரில் மத்தியான வெயிலில் ஒத்திகை பார்த்தோம், புல்லாங்குழலும் ஆர்மோனியமும் அப்படி ஒட்டின. சாயங்காலம் ஆறரைக்கு மேடை ஏறினால் இரண்டும் இரண்டு வீட்டுப் பாட்டு. குளிர்ந்த காற்றில் குழலின் சுருதி இறங்கிவிடுகிறது, ஆர்மோனியம் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. வள்ளியாக நின்ற ஏழாம் வகுப்புப் பெண் என்னைப் பார்த்தாள், குழலைப் பார்த்தாள், பாட்டை நிறுத்திவிட்டாள். நாரதர் சும்மா இருப்பாரா? “தேவலோகத்தில்கூட இவ்வளவு குளிர் இல்லையம்மா, குழலுக்கே ஜலதோஷம்” என்று எடுத்துவிட்டான் பையன். கூட்டம் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்குள் குழல்காரர் கருவியைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டார். இப்போதெல்லாம் குழலை முன்கூட்டியே ஊதிச் சூடாக்கி வைக்கிறோம், தப்பு மேளம் இருந்தால் மூடுபனியில் தோல் தொய்ந்துவிடும் என்பதால் மேடைக்குப் பின்னால் வைக்கோல் தீ போட்டுக் காய்ச்சுகிறோம்.

என் மகன் வீட்டில் அருமையாகப் பாடுவான். மேடை என்றால் கை நடுங்குகிறது. பத்தாம் வகுப்பு வேறு. நாடகத்தில் சேர்க்கலாமா? - ஒரு தாய், குன்னூர்

சேருங்கள், ஆனால் நாயகன் வேடம் வேண்டாம். கோரஸில் மூன்றாவது ஆளாக நிற்கட்டும், கையில் ஒரு கூடையோ கம்போ கொடுத்துவிட்டால் நடுங்கும் கைக்கு ஒரு வேலை கிடைக்கும். பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்னால் நாடகத்தை முடித்துவிடுகிற ஆசிரியராகப் பாருங்கள், முடிக்காதவரிடம் அனுப்பாதீர்கள்.

மலையில் எங்கே இருக்கிறது நாடகம்? வெளிநாட்டு மியூசிக்கல் எல்லாம் போனிலேயே பார்த்துவிடுகிறேன். அது போதாதா? - கல்லூரி மாணவர், ஊட்டி

பாருங்கள், நானும் அப்படித்தான் பார்க்கிறேன், நியூயார்க்குக்கு டிக்கெட் எடுக்க என் சம்பளம் தாங்காது. ரகுமான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ 2002இல் லண்டனில் மேடையேறியபோது செய்தித்தாளில் படித்துப் பெருமூச்சு விட்டதோடு சரி. ஆனால் ஒன்று: ‘ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா’ என்ற மியூசிக்கல் நியூயார்க்கின் பிராட்வேயில் 1988இலிருந்து 2023 வரை 13,981 தடவை நடந்தது. போனில் பார்ப்பது படம்பிடித்த ஏதோ ஒரு நாளைத்தான், அன்றைக்கு அரங்கில் இருந்தவர்கள் கைதட்டியதையும் சேர்த்து. உங்கள் கைதட்டலுக்காக யாரும் ஒரு நொடி நிற்கப் போவதில்லை.

நீலகிரியில் இருந்துகொண்டு ஒன்றும் இல்லை என்கிறீர்களே! ஹெத்தையம்மன் பண்டிகையில் படுகர் ஊர்களில் வட்டமாக ஆடுவதைப் போய்ப் பாருங்கள். அக்கம்பக்கத்து மக்களின் சடங்குகளுக்கே போய் வாசித்துக்கொடுத்தவர்கள் கோத்தர் பழங்குடியினர், அவர்கள் குழலும் பறையும் சேர்ந்து முழங்கும்போது நெஞ்சுக்கூடு அதிரும். அதை நாடகம் என்று சொல்லமாட்டேன், அது அவர்களுடைய வழிபாடு, அழைத்தால் போங்கள், போனைப் பைக்குள் வையுங்கள்.

நேரில் கேட்டிருக்கலாமே என்று ஏங்கும் மேடைக் குரல் எது? - வாசகி, தாண்டிக்குடி

நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா. 27 வயதில் 1933இல் போய்விட்டார். இருப்பது இசைத்தட்டுகள்தான், தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷம்போலத்தான் ஓடும். இராத்திரி முழுக்கப் பாடியவரை மூன்று மூன்று நிமிஷமாகக் கேட்கிறோம்.

ஸ்பெஷல் நாடகம் முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? - வாசகர், பண்ணைக்காடு

ஆர்மோனியக்காரர் முகம் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். நடிகர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக ஒப்பந்தமாகி வருகிறவர்கள், சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது, அன்றைக்கு இராத்திரிதான் எல்லாம். யார் எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் எடுக்கப் போகிறார் என்று அவர் காதை நீட்டிக்கொண்டு பிடிப்பதே தனி நாடகம். பஃபூன் காமெடி முடிந்ததும் பாதிக் கூட்டம் எழுந்து போகும், நீங்கள் போகாதீர்கள், வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்குவது நடுராத்திரிக்கு மேல்தான். கீழே இறங்குகிறோம், வெக்கையாக இருக்கும் என்று போர்வையை வீட்டில் விட்டுவிடாதீர்கள். மூன்று மணிக்கு அங்கேயும் குளிரும்.