இரும்புக் கட்டமைப்பை ஷாப்பிலேயே, அதாவது பட்டறையிலேயே, வெல்டிங் முடித்துக் கொண்டுவருவது நல்லதா, சைட்டில் அடிப்பதா?

"துண்டு துண்டாக லாரியில் ஏற்றிவிடலாம், மிச்சத்தை சைட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். சொன்னவர் வெல்டிங் ராடு மாட்டும் ஹோல்டரைக் கையில் பிடித்திருக்க மாட்டார்.

நான் இரண்டு இடத்திலும் அடித்தவன். ஷாப்பில் கிரேன் பீமைப் புரட்டிப் போடும். தலைக்கு மேல் அடிக்க வேண்டிய ஜாயின்ட்டும் மேஜைக்கு வந்த மாதிரி படுத்துக்கிடக்கும். சைட்டில் பீம் அசையாது, நாம்தான் அதைச் சுற்றி வளைய வேண்டும்.

ஒரு கட்டடத்தில் பீமைத் தூணோடு இணைக்கும் வேலை. பீமின் அடித்தட்டான கீழ் ஃபிளாஞ்சுக்கு முழு ஆழ வெல்டிங், நடுவில் பீமின் செங்குத்துத் தட்டான வெப் குறுக்கே நிற்கிறது. இந்தப் பக்கம் சாய்ந்து பாதி அடிக்க வேண்டும், சாரத்தில் சுற்றி வந்து அந்தப் பக்கம் மீதி. இரண்டு பாதியும் வெப்புக்கு அடியில், கண் எட்டாத இடத்தில் சேர வேண்டும். ஒவ்வொரு பாஸும், அதாவது ஒவ்வொரு அடுக்கு வெல்டிங்கும், அங்கேதான் நிற்கும், அங்கேதான் தொடங்கும். வெல்டிங் மேல் படியும் கசடான ஸ்லாக்கைத் தட்டச் சுத்தியல் நுழையாது. கம்பி பிரஷை இரண்டு விரலால் உள்ளே தள்ளித் தேய்த்தேன். அல்ட்ராசானிக் சோதனையில் ஓரங்கள் சுத்தம். நடுவில் மட்டும் ஸ்லாக் மாட்டியிருந்தது. தோண்டி மறுபடி அடித்தேன், அதுவும் போயிற்று. மூன்றாவது தடவைதான் தேறியது. ரிப்போர்ட்டில் என் பெயர் இரண்டு முறை. ஜாயின்ட்டை அப்படி வரைந்தவர் பெயர் ஒரு முறைகூட இல்லை.

"உனக்குக் கை சரியில்லை" என்பவர்களுக்கு: 1994 ஜனவரியில் அமெரிக்காவில் வந்த நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் விரிசல் விட்டவற்றில் பெரும்பகுதி இதே கீழ் ஃபிளாஞ்ச் சைட் வெல்டிங்தான். அதிர்வு தாங்காத வெல்டிங் உலோகம், வெல்டிங்குக்கு அடியில் வைத்துக் கழற்றாமல் விட்ட பேக்கிங் பட்டை என்று காரணம் பல. வெப்புக்கு அடியில் நின்று தொடங்கும் அந்த இடமும் அதில் ஒன்று.

அப்புறம் காற்று. கேஸ் போர்வையில் அடிக்கும் ஆர்க் வெல்டிங்குக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் காற்றே எல்லை. அதைத் தாண்டினால் கேஸ் கலைந்து, பூச்சி அரித்த மாதிரி பொத்தல் விழும். தார்ப்பாய் கட்டாமல் அடிக்க முடியாது. 7018 என்ற வகை ராடை, ஈரம் ஏறாமல் சூடாக வைக்கும் ஓவனிலிருந்து எடுத்து 4 மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும். ஈரம் குடித்த ராடு விடும் ஹைட்ரஜன் விரிசல் அன்றே தெரியாது, இரண்டு நாள் கழித்தும் வரும்.

சைட் வெல்டிங்கே கூடாது என்கிறேனா? இல்லை, சண்டைக்கு வராதீர்கள். மைல் கணக்கில் போகும் பைப்லைனை வெட்டவெளியில்தான் அடிக்கிறோம், நிற்கிறது. ஷாப்காரர்களும் யோக்கியம் இல்லை. பீமைக் குட்டையாக வெட்டி அனுப்பிவிட்டு, "இடைவெளியில் ராடை வைத்துப் பூசிவிடு" என்று போனில் சொன்னவர்கள் உண்டு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். பத்து வருடமாக அதே பொசிஷனில் அடிக்கிறவனை ஒவ்வொரு வேலைக்கும் புதிதாகத் திறமையைக் காட்ட டெஸ்ட் பிளேட் அடிக்கச் சொல்கிறார்கள். டிராயிங் போடுகிறவரை ஒரு நாள் சாரத்தில் ஏறச் சொன்னது உண்டா?

சரி, உங்கள் விஷயம். டிராயிங்கில் சைட் வெல்டிங்குக்குச் சின்னக் கொடி போட்டிருக்கும். எண்ணிப் பாருங்கள். போல்ட்டுக்கு மாற்ற முடிந்ததை மாற்றச் சொல்லுங்கள். மீதிக் கொடிகளில், முகமூடி போட்ட தலையும் ஹோல்டர் பிடித்த கையும் நுழையுமா என்று உங்கள் வெல்டரைக் கேளுங்கள், பீமை வெட்டுவதற்கு முன்னால்.