ஓவியத்தில் உழவர் நிற்கும் இடம்

கேள்வி: ஐரோப்பிய ஓவியர்கள் வரைந்த கிராமக் காட்சிகளில் ஓடையும் மரங்களும் வண்டியும் மனத்தை மயக்கும் அமைதியோடு இருக்கின்றன. அக்காலத்துக் கிராம வாழ்க்கை உண்மையிலேயே அப்படித்தான் இருந்ததா? (வாசகி ஒருவர், கும்பகோணம்)

பதில்: இவ்வகை ஓவியங்களில் மிகவும் பெயர்பெற்றது, ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821இல் வரைந்து முடித்த ‘தி ஹே வெயின்’. இதனை ‘வைக்கோல் வண்டி’ என்று தமிழில் எழுதுவதுண்டு. ஆனால் அந்த வண்டி ஏற்றப்போவது நெற்பயிரின் தாளையன்று, கால்நடைத் தீவனத்துக்காக அறுத்து உலர்த்திய புல்லை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஓவியரின் தந்தை நடத்திய மாவு ஆலைக்கு அருகே, ஸ்டூர் ஆற்றின் ஆழமற்ற நீரில் வெறும் வண்டி ஒன்று நிற்கிறது. கரையில் ஒரு நாய். மேலே நண்பகல் மேகங்கள். புல் அறுப்பவர்களும் படத்தில் இருக்கிறார்கள், ஆனால் வலப்புறத்துப் புல்வெளியின் கோடியில், வெண்புள்ளிகளாக.

அந்த ஆண்டுகளில் சஃபோக் அமைதியாக இல்லை. 1815இல் நெப்போலியனுடனான போர் முடிந்தபின் தானிய விலை சரிந்தது. கூலியாட்கள் வேலையின்றித் தவித்தனர். குளிர்காலத்தில் அவர்களுக்குச் சோறிட்டுவந்த கதிரடிப்பு வேலையையும் இயந்திரங்கள் பறித்துக்கொண்டன. 1822இல் ஊருக்கு அருகிலோ தொலைவிலோ, ஆத்திரமுற்றவர்கள் வைத்த தீ எரியாத இரவே இல்லை என்று தம் தம்பி தெரிவித்ததைக் கான்ஸ்டபிளே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். ஆயினும் அவர் பொய் வரைந்தார் என்று நான் சொல்லமாட்டேன். லண்டனில் இருந்தபடி, ஆலைக்காரரின் மகனாகத் தாம் வளர்ந்த ஆற்றங்கரையை அவர் வரைந்தார்; நீரையும் ஒளியையும் அத்தனை அன்போடு கவனித்தவர் வெகு சிலரே. கூலியாளின் கண் அவருக்கு வாய்க்கவில்லை என்பதே என் குறை.

அந்தக் கண்ணோடு வரைந்தவர் பிரான்சின் மில்லே. நார்மண்டியில் உழவர் குடும்பத்தில் பிறந்து, வயலில் உழைத்து வளர்ந்தவர். 1857இல் அவர் காட்சிக்கு வைத்த ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தில், அறுவடை முடிந்த நிலத்தில் சிந்திக் கிடக்கும் கதிர்களைப் பொறுக்கிக்கொள்ள அனுமதிக்கப்பட்ட மூன்று ஏழைப் பெண்கள் முன்னால் பெரிதாக நிற்கிறார்கள்; இருவர் முதுகு வளையக் குனிந்திருக்க, மூன்றாமவர் பாதி நிமிர்ந்திருக்கிறார். பிரான்சின் முடியாட்சியைக் கவிழ்த்த 1848 புரட்சியை மறவாத பாரிஸ் விமர்சகர் சிலருக்கு இந்த எளிய காட்சியே அச்சமூட்டியது. கான்ஸ்டபிளின் படத்தில் உழைப்பவர்கள் இருந்த தொலைவில், இங்கே குவிந்த கதிர்ப்போர்களும் குதிரைமேல் அமர்ந்த மேற்பார்வையாளரும் இருக்கிறார்கள். அவர் அந்தப் பெண்களின் கைப்பிடிக் கதிரைவிடச் சிறியவராகத் தெரிகிறார்.