படத்தில் வட்டம் போட 18,000 ராண்டா?

கேள்வி: கரும்பு இலைப் புள்ளிகளை அளக்கிறேன். எங்கள் ஆய்வக மென்பொருளில், மவுஸால் வட்டமிட்டு அந்த இடத்தை மட்டும் அளக்கும் வசதி இல்லை. அதைச் சேர்க்க 18,000 ராண்ட் கேட்கிறார்கள். – ஆராய்ச்சி மாணவி, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பிறந்த இமேஜ்ஜே (ImageJ) என்ற பட ஆய்வு மென்பொருள் 1997 முதல் இலவசம். சதுரம், நீள்வட்டம், பலகோணம், கையால் இழுக்கும் கோடு எல்லாம் அதில் உண்டு. இலையோடு ஒரு அளவுகோலையும் சேர்த்துப் படமெடுத்து, முதலில் 'செட் ஸ்கேல்' கட்டளையில் எத்தனை பிக்சல் ஒரு மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பரப்பு பிக்சலில்தான் வரும். வரைந்த இடங்களை ஆர்.ஓ.ஐ. மேனேஜர் என்ற பட்டியலில் சேர்த்துக் கோப்பாகச் சேமியுங்கள். அப்புறம், படத்தை ஜேபெக்காக மாற்றிவிடாதீர்கள். 16 பிட் டிஃப் (TIFF) வகைப் படத்தில் 65,536 ஒளிச்செறிவுப் படிகள் இருக்கும். ஜேபெக்கில் மிஞ்சுவது 256.

கேள்வி: சீல் வைத்த பெட்டியில் பட ஆய்வு மென்பொருள் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் விண்டோஸுக்கு மட்டுமாம். என்னிடம் இருப்பது மேக். இணையத்தில் வாங்கினால் 7 நாளில் திருப்பலாம் என்கிறார்களே? – ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: சீலை உடைத்த மென்பொருளுக்கு அந்த 7 நாள் கிடையாது. பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள், படித்திருக்க வேண்டும்.

கேள்வி: சிறிய தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறோம். தட்டில் வளரும் கிருமிக் கூட்டங்களை எண்ண, இடம் குறிக்கும் வசதியோடு மென்பொருள் வாங்கி 4 மாதம் ஆகிறது. படத்தைப் பெரிதாக்கினால் போட்ட கட்டம் நகர்ந்துவிடுகிறது. மூடித் திறந்தால் கட்டமே இல்லை. 'அடுத்த பதிப்பில் சரியாகும்' என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். – பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: படிக்கும்போதே வயிறு எரிகிறது ஐயா. இதே அடி எனக்கும் விழுந்திருக்கிறது. சாய ஆய்வகத்தில் இருந்தபோது கேமராவோடு ஒரு மென்பொருள் வாங்கினேன். துணி இழையைச் சுற்றி நீள்வட்டம் போட்டு, ஒரு மாதம் நிறச் செறிவு அளந்தேன். எல்லா இழைக்கும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது. சந்தேகப்பட்டுப் பார்த்தால், பெரிதாக்கிய திரையில் நான் வரைந்த இடத்தை, பெரிதாக்காத படத்தின் இடமாக அது எடுத்துக்கொண்டிருந்தது. அளந்ததெல்லாம் இழையை அல்ல, அதன் அடியில் இருந்த வெறும் கண்ணாடிச் சில்லை. குறித்த இடம் திரையின் புள்ளியாக அல்ல, படத்தின் புள்ளியாகப் பதிய வேண்டும். எண்களாகச் சேமிக்கப்பட்டு, நாளைக்குத் திறந்தாலும் அதே இடத்தில் நிற்க வேண்டும். இது இல்லாததை 'இடம் குறிக்கும் வசதி' என்று விற்பது ஏமாற்று வேலை. விற்பவர்கள் தங்கள் படத்தை வைத்து, பெரிதாக்காமலே செய்துகாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் தட்டுப் படத்தைக் கொடுத்து, பெரிதாக்கி வரைந்து, மூடித் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி சட்டம். நம் தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மென்பொருளும் பொருள்தான். குறையுள்ள பொருளை 6 மாதத்துக்குள் திருப்பலாம். பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள், கடைக்காரர் அல்ல. நிறுவனமாகப் பதிந்திருந்தால், சொத்து மதிப்பும் ஆண்டு விற்றுவரவும் இரண்டுமே 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. இன்றே எழுத்தில் கேளுங்கள், கட்டம் நகர்வதை வீடியோ எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஆய்வக நிரல் பைத்தானில் இருக்கிறது. இடம் குறிக்கும் வசதியைப் புதிதாக எழுத ஒருவர் 3 மாதக் கூலி கேட்கிறார். – டொங்காட்

பதில்: பைத்தானில் படம் வரைவதற்கான மேட்பிளாட்லிப் (Matplotlib) என்ற நிரல் தொகுப்பில் செவ்வகம், பலகோணம், லாசோ (கையால் இழுக்கும் கோடு) மூன்றுக்கும் தேர்வுக் கருவி ஏற்கெனவே இருக்கிறது, இலவசமாக. அதை இணைத்துத் தருவதற்கு மட்டும் கூலி பேசுங்கள். பெரிதாக்கி வரைந்து, மூடித் திறந்து பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.