கிளட்ச் கேள்வி பதில்: பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு

கே: மேட்டில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் மட்டும் இரைகிறது, வண்டி ஏறவில்லை. கிளட்ச்தானா அண்ணா?

பெரும்பாலும் அதுதான். ஆளில்லாத சமதள ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போய், முழுசா மிதிச்சுப் பாருங்க. ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) ஏறி, வண்டி வேகம் ஏறலேன்னா கிளட்ச் பிளேட் வழுக்குது.

கே: பிளேட் மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. நம்ம வண்டியில் கியர்பாக்ஸோட டிரான்ஸ்ஃபர் கேஸும் (முன், பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கும் பெட்டி) இறங்கணும். முன்னும் பின்னும் புரொப்பல்லர் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர் எல்லாம் கழற்றணும். அவ்வளவு பாடுபட்டு இறக்கிட்டு பழைய ரிலீஸ் பேரிங்கை (பெடல் மிதிச்சா கிளட்சை விடுவிக்கும் பேரிங்) உள்ளே வெச்சு மூடலாமா? பிளேட்டோட, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியை உள்ளே கொண்டுபோகும் தண்டு) நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் மூணும் சேர்ந்தே மாறணும். கிராங்க் பின்பக்க ஆயில் சீல் கசிஞ்சா அதையும் மாத்துங்க. ஆயில் குடிச்ச பிளேட் துடைச்சாலும் தேறாது.

ஃபிளைவீலில் (கிராங்கோட சுத்தும், பிளேட் ஒட்டிப் பிடிக்கும் கனமான சக்கரம்) நீலத் திட்டு இருந்தா லேத்துக்கு அனுப்புங்க. ஆழமான வெடிப்புன்னா புதுசுதான். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு படி மாதிரி உயர்ந்த வகைன்னா, பிளேட் உரசும் முகத்தில் எவ்வளவு சீவுறாங்களோ அதே அளவு விளிம்பிலும் சீவணும். முகத்தை மட்டும் சீவினா பிடிமானம் குறைஞ்சு புது பிளேட்டே வழுக்கும்.

கே: நானும் நண்பரும் வீட்டிலேயே செய்யலாமா?

டிரான்ஸ்மிஷன் ஜாக்கும் நல்ல ஸ்டாண்டுகளும் இருந்தா செய்யலாம். ஏத்தும்போது கியர்பாக்ஸ் எடையை இன்புட் ஷாஃப்டில் தொங்க விடவே கூடாது. பிளேட் நடுப்பகுதி வளைஞ்சா அப்புறம் கிளட்ச் முழுசா விடாது. கியர்பாக்ஸ் இன்ஜினோட ஒட்டி உட்காரலேன்னா போல்ட்டை முறுக்கி இழுக்காதீங்க, பிளேட் நடுவில் சரியா உட்காராம சென்டரிங் தப்பியிருக்கும். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைங்க.

கே: டூயல் மாஸ் ஃபிளைவீலை (இரண்டு பகுதியாக, இடையில் ஸ்பிரிங் உள்ளது) தூக்கிவிட்டு சாலிட் (ஒரே துண்டாக உள்ளது) போடலாமா?

டீசல் இன்ஜின் ஒவ்வொரு எரிப்புக்கும் கிராங்கை உதைக்குது. அந்த அதிர்வை டூயல் மாஸுக்குள்ள இருக்கும் ஸ்பிரிங்தான் வாங்குது. அதை எடுத்துட்டா உதை நேரா கியர்பாக்ஸுக்குப் போகும்.

கே: நான் சாலிட் போட்டுத்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

சந்தோஷம். ஐடிலில் கடகடன்னு சத்தம் வருதான்னு கவனிங்க.

கே: பழைய மாடல்களில் கம்பெனியே சாலிட்தானே போட்டது?

ஆமா, அந்த கியர்பாக்ஸும் பிளேட் ஸ்பிரிங்கும் அதுக்கேத்த மாதிரி அமைச்சவை. டூயல் மாஸோட வந்த வண்டிக்கு அந்த வாதம் பொருந்தாது. மாத்தியே தீருவேன்னா, அதுக்குன்னே வரும் முழு செட்டா வாங்குங்க. குறைஞ்ச ஆர்பிஎம்மில் பெரிய கியரில் திணறவிட்டு இழுக்காதீங்க. என் வண்டின்னா மாத்தமாட்டேன்.

கே: பெடல் மிதித்தால் கீச்சென்று சத்தம்.

ரிலீஸ் பேரிங். மிதிச்சா நின்னு, விட்டா வந்தா கியர்பாக்ஸ் இன்புட் பேரிங்.

கே: பெடல் தொளதொளவென்று போகிறது, கியர் விழவில்லை. கியர்பாக்ஸை இறக்கவா?

வேண்டாம்! முதல்ல ஃப்ளூயிட் அளவு, மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் கசிவு பார்த்து, லைனுக்குள்ள இருக்கும் காற்றை வெளியே எடுங்க.

கே: பட்ஜெட் இல்லை, பிளேட் மட்டும்...

மேலே சொல்லியாச்சு.

கே: என்னுடையது ஆட்டோமேட்டிக்.

அது என் துறை இல்லை. டார்க் கன்வர்ட்டர் வேலை தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

கே: ஜாக் இல்லாமல் நாலு பேர் தூக்கிச் சொருகினால்?

கூடாது. கை தளர்ந்தா எடை முழுக்க இன்புட் ஷாஃப்டில்தான் விழும். கீழே ஆளும் படுத்திருப்பாங்க.

கே: புது கிளட்ச் நீடிக்க?

சுமையோட மேடு, சேறு, ரிவர்ஸில் டிரெய்லர்னா லோ ரேஞ்ச் (டிரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும், வேகம் குறைஞ்சு இழுவை கூடும் கியர்) போடுங்க. அங்கே பாதி கிளட்சில் நிறுத்தி வெச்சுத்தான் நிறைய பேர் எரிக்கிறாங்க. தார் ரோட்டில் மட்டும் லோ ரேஞ்ச் வேண்டாம்; பார்ட் டைம் ஃபோர் வீலில் (தேவைப்படும்போது மட்டும் நாலு சக்கரத்தையும் இணைக்கும் வகை) டிரைவ் லைன், அதாவது சக்கரங்களுக்கு சக்தி போகும் ஷாஃப்ட் வரிசை, முறுக்கிக்கும்.