வாட்ச் காட்டும் 400 கலோரியைச் சாப்பிடலாமா?

உணவும் உடலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு வயது 41, உயரம் 160 செ.மீ., எடை 82 கிலோ. செங்கோட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க நாற்காலிதான். எடை குறைக்க ஆறு வாரமாக போனில் ஒரு ஆப்பில் சாப்பிடுவதையெல்லாம் எழுதி வருகிறேன். ஒரு நாளைக்கு 1,500 கலோரி என்றது. சாயங்காலம் புளியரை ரோட்டில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். கையில் கட்டியிருக்கும் வாட்ச் 400 கலோரி எரிந்ததாகச் சொல்கிறது, உடனே ஆப் 1,900 சாப்பிடலாம் என்கிறது. அதன்படிதான் சாப்பிடுகிறேன். ‘நெட் கலோரி’ தினமும் 1,500-லேயே நிற்கிறது, ஆனால் எடை அரை கிலோகூட இறங்கவில்லை. தைராய்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தாச்சு, நார்மல். எங்கே தப்பு மேடம்?
- வாசகி, செங்கோட்டை

பதில்: ஆறு வாரம் விடாமல் எழுதியிருக்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். உங்கள் உடம்பில் கோளாறு தேடுவதற்கு முன்னால் அந்தக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

நெட் கலோரி என்பது சாப்பிட்டதிலிருந்து உடற்பயிற்சியில் எரித்ததைக் கழித்தால் மிஞ்சுவது. 1,900-ல் 400 போனால் 1,500. கழித்தல் சரி, அந்த 400-தான் சரியில்லை.

ஆப்பை முதன்முதலில் திறந்தபோது உங்கள் நடமாட்டம் எப்படி என்று கேட்டிருக்கும். தினமும் நடக்கிறோமே என்று நினைத்து ‘ஓரளவு நடமாட்டம் உண்டு’ என்பதை அமுக்கியிருப்பீர்கள். 1,500 என்ற எண்ணை வைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் வயது, உயரம், எடைக்கு, சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஏறக்குறைய 1,450 கலோரி வேண்டும் (1990-ல் வந்த மிஃப்ளின் சூத்திரப்படி போட்டது, பல ஆப்கள் இதைத்தான் வைத்திருக்கின்றன). நாற்காலி வேலை மட்டும் என்றால் அதை 1.2-ஆல் பெருக்க வேண்டும், 1,745 வரும். ஓரளவு நடமாட்டம் என்றால் 1.375-ஆல் பெருக்கினால் 2,000. அதில் வாரம் அரை கிலோ குறைய 500-ஐக் கழித்துத்தான் உங்களுக்கு 1,500 கொடுத்திருக்கிறது. அதாவது சாயங்கால நடை அந்த 2,000-க்குள்ளேயே இருக்கிறது. நடைக்கு ஒரு தடவை கூலி கொடுத்தாகிவிட்டது, வாட்ச் வந்து அதே நடைக்கு இரண்டாவது தடவை கூலி கேட்கிறது, நீங்களும் கொடுக்கிறீர்கள்.

சரி, அந்த 400-ஆவது உண்மையா? மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் உட்கார்ந்திருப்பதைப் போல மூன்றரை மடங்கு செலவாகும். உட்கார்ந்திருக்க ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி என்பது ஒரு பொதுக் கணக்கு. 82 கிலோவுக்கு ஒரு மணி நேர நடையில் 287 வருகிறது. அதிலும் 82 கலோரி நீங்கள் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாலும் செலவாகியிருக்கும், அது ஏற்கெனவே நாள் கணக்கில் இருக்கிறது. நடையால் கூடுதலாகப் போனது 205-தான். வாட்ச்சைக் குறை சொல்லிப் பயனில்லை, எல்லா வாட்ச்சுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 2017-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கையில் கட்டும் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின, ஆனால் கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதனால் துடிப்பைப் பார்க்க வாட்ச் இருக்கட்டும், அது சொல்லும் கலோரியை நம்பி சோறு போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள்: நாற்காலி நாளுக்கு 1,745, நடைக்கு 205, மொத்தச் செலவு 1,950. சாப்பிட்டது 1,900. தினமும் 50 கலோரிதான் குறைகிறது. அதையும் விழுங்கிவிட ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும்.

எண்ணெய் என்றதும் உங்கள் ஊர்ச் சமையலைப் பற்றிக் கேட்கத் தோன்றுகிறது. அவியலை இறக்கும்போது மேலே பச்சைத் தேங்காய் எண்ணெயைச் சுற்றி ஊற்றுவோமே, அதை ஆப்பில் எழுதுகிறீர்களா? ‘அவியல் ஒரு கப்’ என்று போட்டால் ஆப் யாரோ ஒருவர் வீட்டு அவியலின் கணக்கைத்தான் காட்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. இருபது கிராம் துருவல், ஒரு சின்னக் கைப்பிடிதான், 70 கலோரி. ஸ்பூன் ஸ்பூனாக அளக்க வீட்டில் நடக்காது, சமைப்பது மாமியார் என்றால் கேட்கவும் சங்கடம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன்: புது எண்ணெய் உடைக்கும் தேதியை பாட்டில் மேலேயே எழுதி வையுங்கள். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயில் சுமார் 8,300 கலோரி. நான்கு பேர் வீட்டில் பத்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 207. அதை ‘எண்ணெய்’ என்று தனியாக ஒரு வரி எழுதிவிட்டு, கறிகளைக் காய், பருப்பு, தேங்காய் மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்புறம் அரிசி. 100 கிராம் அரிசியில் 350 கலோரி, 100 கிராம் சோற்றில் 130-தான். எதை எடை போட்டீர்களோ அதையே ஆப்பில் தேர்ந்தெடுங்கள், இந்த இடத்தில் தடுக்கி விழாதவர்களை நான் பார்த்ததே இல்லை.

வாட்ச்சையும் ஆப்பையும் இணைத்திருப்பதைத் துண்டித்துவிடுங்கள். 1,500-லேயே நில்லுங்கள், நடையை விடாதீர்கள். எடையைத் தினமும் காலையில் பார்த்து வாரச் சராசரி எடுங்கள், மாதவிடாயை ஒட்டிய வாரத்தில் கூடினால் அது நீர். நான்கு வாரம் கழித்து எழுதுங்கள்.

கேள்வி: வயது 24, உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. போலீஸ் வேலைக்கான ஓட்டத்துக்குத் தயாராகிறேன், தினமும் காலையில் 10 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆப்பில் ‘நடமாட்டம் குறைவு’ என்று போட்டு, அது சொன்ன 1,500 கலோரிதான் சாப்பிடுகிறேன். ஓடியதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று நண்பன் சொன்னான். எடை வேகமாகக் குறைகிறது, ஆனால் தலை சுற்றுகிறது, கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது.
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தம்பி, மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ‘நடமாட்டம் குறைவு’ என்று போட்டதால் உங்கள் ஓட்டம் ஆப்பின் கணக்கில் இல்லவே இல்லை, நீங்கள் கட்டாயம் சேர்த்துச் சாப்பிட வேண்டும். ஓட்டம் இல்லாமலேயே உங்களுக்கு 2,090 செலவாகும். ஓடும்போது கிலோவுக்கு, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி, ஆக 780. ஓடாமலிருந்தாலும் அந்த நேரத்தில் ஆகும் செலவைக் கழித்தால் 700. மொத்தம் 2,790 செலவழித்துவிட்டு 1,500 சாப்பிடுகிறீர்கள். நெட் கணக்கில் உங்களுக்கு மிஞ்சுவது 800, வளர்ந்த ஆணுக்கு அது எந்த விதத்திலும் போதாது. கொழுப்போடு தசையும் கரையும், தேர்வு நாளில் கால் ஓடாது.

2,200-லிருந்து 2,300 வரை சாப்பிடுங்கள். ஓடுவதற்கு முன் ஒரு நேந்திரம் பழம், ஓடி வந்ததும் புட்டும் கடலைக்கறியும், கூட இரண்டு முட்டை. வியர்த்து வந்தவுடன் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரோ மோரோ குடியுங்கள். ஒரு வாரத்தில் தலைசுற்றல் நிற்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பிரானூர் பார்டரில் மூன்று பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டேன். திங்கட்கிழமை காலையில் எடை ஒன்றேகால் கிலோ கூடிவிட்டது. ஒரு மாத உழைப்பு போய்விட்டதா?
- வாசகர், புளியரை

பதில்: போகவில்லை. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. 50 கிராம் மைதா, 10 கிராம் எண்ணெய் என்று வைத்தால் ஒரு பரோட்டா 265, மூன்றுக்கு 800. கோழியும் சால்னாவும் தாராளமாக இன்னொரு 600 இருக்கட்டும். மொத்தம் 1,400, அத்தனையும் கொழுப்பாக மாறினாலும் 200 கிராம்கூட வராது. கூடியதில் பெரும்பங்கு நீர்: சால்னாவின் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், மாவுச்சத்து தசையில் சேரும்போது ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். வயிற்றில் இன்னும் செரிக்காத சாப்பாட்டின் எடையும் இருக்கிறது. திங்கட்கிழமை பட்டினி கிடக்க வேண்டாம், வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வியாழக்கிழமை எடை பாருங்கள். பரோட்டாவையும் மறைக்காமல் ஞாயிறு கணக்கில் எழுதிவிடுங்கள்.